அட்டையை எங்கே அளப்பது?

கடல் அட்டையை விலைபோகும் சரக்காக்க வேண்டுமென்றால் அதை ஒருமுறை புதைத்துத் தோண்ட வேண்டும். பிடித்து வந்ததன் உடலில் சிறு கீறல் போட்டுக் குடலை வெளியேற்றுவார்கள். கொப்பரையில் வேகவைப்பார்கள். வெந்ததைக் கரை மணலில் குழி வெட்டி ஓர் இரவு புதைத்து வைப்பார்கள். அதற்குள் மேல்தோல் அழுகி இளகிவிடும். மறுநாள் தோண்டியெடுத்துக் காலால் மிதித்துத் தேய்த்தால், தோலில் பொதிந்திருந்த சுண்ணாம்புத் துணுக்குகள் வெண்மாவாக உதிரும். பிறகு கழுவி, மறுபடி வேகவைத்து, வெயிலில் காயப்போட வேண்டும். பத்துக் கிலோ உயிர் அட்டை காய்ந்த பிறகு ஒரு கிலோகூடத் தேறாது. கருத்துச் சுருங்கி, மரக்கட்டை போல இறுகிக் கிடக்கும் அந்தப் பொருளை இங்கே யாரும் வாயில் வைப்பதில்லை. அது சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் போவதற்கென்றே காய்கிறது. சீன விருந்துகளில் அதற்குத் தனி இடம் உண்டு. நல்ல வெள்ளை அட்டை என்றால் கிலோவுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுப்பார்கள்.

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் பல தலைமுறைகளாக நடந்த தொழில் இது. இன்று இதே வேலையை ராமநாதபுரம் மாவட்டத்தின் வேதாளையிலோ தேவிபட்டினத்திலோ ஒருவர் செய்தால் சிறை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல். அதைத் தாண்டி மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ உரிமம் வைத்திருப்பவர் செய்தால் அது ஏற்றுமதித் தொழில், அரசு ஊக்குவிக்கும் முதலீடு. அட்டை ஒன்றுதான், நீரோட்டமும் ஒன்றுதான். பிடிப்பவர்களும் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்களே. காட்டுயிரை எடுத்து விற்பதைச் சட்டம் எப்படி ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற உலகளாவிய கேள்விக்கு இவ்வளவு நெருக்கமாக இரண்டு எதிரெதிர் விடைகளை வைத்துப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. இரண்டு விடைகளுமே தவறிய இடம் ஒன்று உண்டு என்பதே இக்கட்டுரையில் நான் காட்ட விரும்புவது.

முதலில் அந்த உயிரைப் பற்றி. அட்டை என்ற பெயரைக் கேட்டு இரத்தம் உறிஞ்சும் அட்டையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவு. உலகில் சுமார் 1,700 இனங்கள் உண்டு. இந்தியக் கடல்களில் ஏறத்தாழ 200 இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் விலைபோகிறவை மிகச் சிலவே. சீண்டினால் பிசின் நூல்களைப் பீய்ச்சும் நூல் அட்டை அவற்றில் ஒன்று. எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கது வெள்ளை அட்டை. கடற்புல் வளர்ந்த ஆழமற்ற சேற்று மணலில் அது பாதி புதைந்து கிடக்கும். மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் அழுகல் பொருளையும் நுண்ணுயிர்களையும் செரித்து, மிச்ச மணலைப் பின்பக்கமாக வெளித்தள்ளும். மூச்சு விடுவதும் அந்தப் பின்வாயில் வழியாகத்தான். நிலத்தில் மண்புழு செய்கிற வேலையைக் கடலடியில் அட்டை செய்கிறது என்று சொன்னால் மிகையில்லை. அது மணலைக் கிளறிப் புரட்டும் இடங்களில் கடற்புல்லுக்கு உரம் கிடைக்கிறது. அந்தப் புல்லில்தான் இறாலும் நண்டும் குஞ்சு மீன்களும் வளர்கின்றன. கடற்பசு எனப்படும் ஆவுளியா மேய்வதும் அதையே.

அட்டையின் இனப்பெருக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்த வணிகத்தின் ஆபத்தைப் புரிந்துகொள்ள முடியாது. ஆண் அட்டை உடலின் முன்பாதியை நிமிர்த்தி, மெல்ல அசைந்தபடி விந்தை நீரில் கலக்கும். பெண் இலட்சக்கணக்கான முட்டைகளை அதே நீரில் விடும். இரண்டும் நீருக்குள் தாமாகச் சந்திக்க வேண்டும். அருகருகே பல அட்டைகள் இருந்தால் கரு உண்டாகும். சில மீட்டர்கள் தள்ளித் தள்ளி ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் விந்து நீரில் கரைந்து வீணாகும். ஆகவே ஒரு கடல் பகுதியில் அட்டை முற்றிலும் அழிய, கடைசி அட்டையைப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. ஓரளவுக்குக் கீழே நெருக்கம் குறைந்துவிட்டால் மீதியிருப்பவை உயிரோடு இருந்தும் பெருகாது. ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூ கினிக்கும் நடுவே டோரஸ் நீரிணையில் உள்ள வாரியர் திட்டில் இதுதான் நேர்ந்தது. வெள்ளை அட்டை சரிந்ததும் 1998-இல் ஆஸ்திரேலியா அங்கே பிடிப்பை மூடியது. பல ஆண்டுகள் கழித்து நடந்த கணக்கெடுப்புகளிலும் அது பழைய நிலைக்கு மீண்டிருக்கவில்லை. அதுவும் இரண்டு நாடுகள் பங்குபோடும் கடல் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெள்ளை அட்டையை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக, உலக உயிரினங்களின் நிலையை மதிப்பிடும் செம்பட்டியல் வகைப்படுத்தியது 2013-இல். அதே ஆண்டு வெளியான உலகளாவிய ஆய்வொன்று, ஆராய்ந்த அட்டைப் பிடிப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை அளவுமீறிச் சுரண்டப்பட்டவை அல்லது வற்றிப்போனவை என்று கண்டது. எங்கும் கதை ஒரே மாதிரிதான் ஓடியிருக்கிறது. விலை உயர்ந்த இனம் முதலில் தீரும், அடுத்து நடுத்தர விலை இனம். கரையோரம் தீர்ந்ததும் ஆழத்துக்குப் போவார்கள், காற்றுக் குடுவை கட்டி முங்குவார்கள். பிறகு வணிகர் அடுத்த நாட்டுக்கு நகர்ந்துவிடுவார்.

இந்தியா இதை உணராமல் இருக்கவில்லை. மூன்று அங்குலத்துக்கு, அதாவது 75 மில்லிமீட்டருக்குக் குறைந்த அட்டையை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று 1982-இலேயே தடை வந்தது. நல்ல நோக்கத்தோடு போட்ட விதிதான். ஆனால் அந்த அளவு காய்ந்த சரக்குக்கு உரியது. ஏற்றுமதி வாசலில், பொட்டலம் கட்டும் இடத்தில் அளப்பார்கள். குட்டி அட்டை அங்கே தடுக்கப்படும்போது அது வெந்து, புதைந்து, மிதிபட்டு, உலர்ந்து எத்தனையோ நாளாகியிருக்கும். விதி பிடித்தவருக்கு நட்டம் ஏற்படுத்தியது. அட்டையைக் கடலுக்குத் திருப்பவில்லை.

இதே கடலில் இதைவிடக் கூர்மையான ஏற்பாடு ஒன்று ஏற்கனவே இருந்தது. சங்கு குளிப்பு அரசின் கையில் இருந்த காலத்தில், எடுத்த சங்குகளை உலோக வளையம் ஒன்றில் போட்டுப் பார்ப்பார்கள். சென்னை மாகாணத்தில் முத்துக் குளிப்பையும் சங்கு குளிப்பையும் மேற்பார்த்த ஜேம்ஸ் ஹோர்னெல் 1914-இல் சங்கு பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். அந்த வளையத்தின் விட்டம் இரண்டேகால் அங்குலம், இன்றைய கணக்கில் 57 மில்லிமீட்டர். அதில் நுழைந்து விழும் சங்கு சிறிசு. அது உயிரோடு கடலுக்குத் திரும்ப வேண்டும். எளிய கருவிதான். எழுத்தறியாத குளியாளும் அதைக் கையில் வைத்துத் தானே தீர்மானிக்க முடியும். அதைவிட முக்கியம், அளக்கும்போது சங்குக்கு உயிர் இருக்கும். 1982-இன் மூன்று அங்குலத்துக்கும் இந்த இரண்டேகால் அங்குலத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒன்று அளந்தது பிணத்தை, மற்றது உயிரை.

அட்டைக்கு வளையம் போட முடியாது என்பதும் உண்மைதான். சங்கின் ஓடு நீளாது, சுருங்காது. அட்டையோ தொட்டதும் சுருங்கும், விட்டால் நீளும். ஒரே அட்டை ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு காட்டும். நீரைக் கக்கி எடையையும் மாற்றிக்கொள்ளும். ஆகவே படகில் வைத்து அளப்பது கடினம் என்று அதிகாரிகள் நினைத்திருக்கலாம். கடினமான அந்த வேலையைச் செய்யாமல் விட்டதன் விலை பின்னால் தெரிந்தது.

இந்தக் கதையில் பெருமைப்படத்தக்க ஓர் ஆண்டு உண்டென்றால் அது 1988. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் டி.பி. ஜேம்ஸும் உடன் பணியாற்றியோரும் வெள்ளை அட்டையைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்தார்கள். உலகில் அந்த இனத்துக்கு அதுவே முதல்முறை. நீரின் வெப்பத்தைச் சில பாகை உயர்த்தினால் தாய் அட்டைகள் முட்டை விடத் தூண்டப்படும் என்ற முறையைக் கையாண்டார்கள். வியட்நாம், மடகாஸ்கர், பசிபிக் தீவுகள் எனப் பின்னர் பரவிய வெள்ளை அட்டை வளர்ப்புக்கெல்லாம் மூத்த கண்ணி நம் தூத்துக்குடி. ஆனால் இங்கே அது கரையோர ஊர்களின் தொழிலாக ஒருபோதும் மாறவில்லை.

2001 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கடல் அட்டையின் எல்லா இனங்களையும் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. அதே ஆணை எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் சேர்த்திருந்தது. சுறா பிடிப்போர் நாடெங்கும் எதிர்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அரசு பின்வாங்கி, பத்து இனங்களுக்கு மட்டும் என்று தடையைச் சுருக்கியது. அட்டைக்கு அந்த மறுபரிசீலனை நடக்கவில்லை. அட்டையை நம்பியிருந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு விரிகுடாக்களின் கரையில் ஒதுங்கிய சில ஊர்களின் குளியாட்களும் பதப்படுத்தும் கூலிகளும்தான். அவர்களுக்கு டெல்லியில் கேட்கும் குரல் இல்லை. விலை போகாத இனம், பெருகிக் கிடக்கும் இனம், அருகிவரும் இனம் என்ற பிரிவு எதுவுமின்றி எல்லாம் ஒரே தடைக்குள் போயின. தூத்துக்குடியின் குஞ்சு வளர்ப்பும் அதோடு முடங்கியது. முதல் அட்டவணை உயிரை ஆய்வுக்காகத் தொடுவதற்கும் தனி அனுமதி வேண்டும். வளர்த்து விற்பதற்கோ வழியே கிடையாது.

தடை வந்ததும் பிடிப்பு நின்றதா? பாம்பன், மண்டபம், ராமேசுவரம் பகுதிகளில் அட்டை மூட்டைகள் சிக்கிய செய்திகளைத் தமிழ் நாளிதழ் படிக்கிற எவரும் மாதந்தோறும் கண்டிருப்பார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் 2015 முதல் 2020 வரை வெளியான செய்திகளைத் தொகுத்த ஓர் ஆய்வு, அந்த ஆறு ஆண்டுகளில் அட்டைக் குற்றங்களுக்காக 502 பேர் கைதானதாகவும் 64.7 டன் அட்டை பிடிபட்டதாகவும் கணக்கிட்டது. பிடிபட்டதே இவ்வளவு. இங்கே எடுத்தது இரவில் படகேறி அக்கரைக்குப் போகிறது. அங்கே உரிமம் பெற்ற சரக்கோடு கலந்துவிட்டால் அதை இந்திய அட்டை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வெந்து காய்ந்த அட்டைக்கு நாடு ஏது?

கடத்தலைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 2001-க்கு முன்பு எந்த ஊரில் எந்த இனம் எவ்வளவு இறங்கியது என்பதை ஆய்வாளர்கள் இறங்குதளத்தில் நின்று குறித்துக்கொள்ள முடிந்தது. தடைக்குப் பிறகு இறங்குதளத்தில் அட்டையே கிடையாது. ஆகவே கணக்கும் கிடையாது. ஆய்வாளர் கடலுக்குள் முங்கி எண்ணுவது ஒன்றே வழி. அதற்குச் செலவு அதிகம், பரப்பும் குறுகும். தடையால் அட்டை பெருகியதா, குறைந்ததா என்று முழு நம்பிக்கையோடு சொல்லக்கூடிய தொடர் கணக்கைத் தடையே அழித்துவிட்டது.

இன்னொரு முரணும் உண்டு. பாக் விரிகுடாவின் இந்தியப் பக்கத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் இழுவை மடி போடலாம். நாட்டுப்படகுக்கு மற்ற நான்கு நாள். அந்த மடி கடலடியை உழுதுகொண்டு போகும். கடற்புல்லைப் பிடுங்கும், அதில் கிடக்கும் அட்டையையும் வாரும். அப்படி வாரியது சட்டப்படி குற்றமாகாமல் இருக்க ஒரே வழி, யாருக்கும் தெரியாமல் கடலிலேயே கொட்டிவிடுவது. கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவது சிறைக்குரிய குற்றம், அது வாழும் தரையையே வழிப்பது அனுமதிக்கப்பட்ட தொழில். இலங்கை 2017-இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்து இழுவை மடியை அடியோடு தடை செய்தது. கையால் அட்டை எடுக்க உரிமம் கொடுக்கிறது. இரண்டு நாட்டுச் சட்டங்களும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல இடம் வலமாக மாறி நிற்கின்றன. இதில் இலங்கையின் வரிசை அறிவுக்குப் பொருந்துகிறது என்றே நான் கருதுகிறேன். உயிரை எடுப்பதற்கு முன் அதன் வீட்டைக் காக்க வேண்டும்.

அதற்காக அக்கரையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. குளிப்பதற்கு, கொண்டுபோவதற்கு, ஏற்றுமதிக்கு எனத் தனித்தனி அனுமதிகள் உண்டு. நீண்ட காலம் அங்கே முதன்மையான கருவி இந்த உரிமங்களே. உரிமம் ஆளை எண்ணும், படகை எண்ணும், அட்டையை எண்ணாது. நூறு பேருக்குக் கொடுத்த அனுமதியில் ஆயிரம் அட்டையும் எடுக்கலாம், பத்தாயிரமும் எடுக்கலாம். கரையோரத்தில் கையால் பொறுக்கிய காலம் போய்க் காற்றுக் குடுவையோடு முங்கும் காலம் வந்தபோதும் உரிமத் தாள் அதேதான்.

இயற்கையில் குறைந்ததை வளர்த்து ஈடுகட்டலாம் என்ற எண்ணம் அங்கே வலுத்தது. ஆழமற்ற கடலில் வலையால் வேலி அடைத்து, குஞ்சு பொரிப்பகத்தில் வாங்கிய அட்டைக் குஞ்சுகளை விட்டு வளர்ப்பார்கள். மன்னார், யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் இத்தகைய பண்ணைகள் பரவின. 2021-இல் பூநகரிக்கு அருகே கௌதாரிமுனையில் சீன முதலீட்டோடு எழுந்த பண்ணை அனுமதி பெற்றதா என்ற கேள்வி பெரும் சர்ச்சையானது. 2022 ஜூனில் வடக்கிலும் கிழக்கிலும் 5,000 ஏக்கரில் அட்டை வளர்க்கும் திட்டத்துக்கு இலங்கை அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நாடு அந்நியச் செலாவணி இல்லாமல் தவித்த ஆண்டு அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதே ஆண்டில் கிளிநொச்சியின் கிராஞ்சிப் பகுதி மீனவர்கள் பண்ணைகளுக்கு எதிராக நெடுநாள் போராட்டத்தில் அமர்ந்தார்கள். முன்வரிசையில் பெண்கள் இருந்தார்கள். இடுப்பளவு நீரில் நின்று இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள் அவர்கள். படகில்லாத ஏழைக்கு அந்த ஆழமற்ற கடல்தான் வயல். வேலி விழுந்தால் அந்த வயல் போய்விடும். அட்டையைக் காக்கிறோம், வளர்க்கிறோம் என்ற பெயரில் பொதுக்கடல் தனியார் வரப்புகளாகப் பிரிந்தது.

குஞ்சு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. பொரிப்பகத்தில் பொரித்தது போதாமல் கடலில் பொறுக்கிய சிறு அட்டைகளை வாங்கி வேலிக்குள் விட்டால், பண்ணை என்பது காட்டுப் பிடிப்புக்கே இன்னொரு பெயர். குட்டி அட்டைக்கு விலை கிடைக்கும் சந்தை ஒன்றை அது புதிதாக உண்டாக்குகிறது. 1982-இன் மூன்று அங்குலம் எதைத் தடுக்க நினைத்ததோ அதையே இது கூவி அழைக்கிறது.

உலக ஒப்பந்தம் இங்கே எவ்வளவு உதவும்? காட்டு விலங்கு, தாவர இனங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கை 1973 மார்ச் 3-இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975-இல் நடப்புக்கு வந்தது. இந்தியா 1976-இலும் இலங்கை 1979-இலும் சேர்ந்தன. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அதன் மூன்று பட்டியல்களில் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இரண்டாம் பட்டியலைச் சேர்ந்தவை என்பது பலருக்குத் தெரியாது. அதாவது சைட்டிஸ் அடிப்படையில் தடைச் சட்டமன்று. கட்டுப்பட்ட வணிகத்துக்கான சட்டம். இரண்டாம் பட்டியல் உயிரை விற்கலாம், ஆனால் ஏற்றுமதி செய்யும் நாடு அந்த விற்பனை இனத்தின் வாழ்வுக்குக் கேடு செய்யாது என்று அறிவியல் முறையில் கண்டறிந்து சான்று தர வேண்டும். அட்டைகளில் மூன்று முலை அட்டை இனங்கள் 2019-இல் இந்தப் பட்டியலுக்கு வந்தன. 2022-இல் பனாமா மாநாடு இன்னொரு பேரினத்தைச் சேர்த்தது. இரண்டு முறையும் நம் இரு கரையிலும் அதிகம் புழங்கும் வெள்ளை அட்டை அதில் இடம்பெறவில்லை. சேர்த்தாலும் சான்று எழுதுவது துறைமுகத்திலும் தலைநகரிலும்தான். கேடு செய்யாது என்று ஒருவர் எழுத வேண்டுமானால் கடலில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுத்தார்கள் என்ற இரண்டு எண்களும் அவருக்கு வேண்டும். ஓர் எண்ணைத் தடை விழுங்கிவிட்டது. மற்றதை உரிமம் கேட்கவே இல்லை.

எடுக்கிறவரே எண்ணுகிற ஏற்பாடு ஒன்று நம்மிடமே இருக்கிறது. அது கடலில் இல்லை. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. இருளர்கள் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். நாட்டிலிருந்து பெருமளவில் தோல் ஏற்றுமதியான காலம் அது. 1976-இல் ஏற்றுமதி தடைப்பட்டதும் அவர்கள் பிழைப்பு ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. அட்டைக் குளியாட்களுக்கு 2001-இல் நேர்ந்தது அப்படியே இதுதான். ஆனால் 1978-இல் ரோமுலஸ் விட்டேக்கர் போன்றோரின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு இனங்களை வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடித்து வருவார்கள். மண் பானையில் மணல் போட்டுத் துணியால் வாய் கட்டி வைத்து, சில வாரங்களுக்குள் நான்கு முறை நஞ்சு எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு அடையாளம் இட்டுக் காட்டில் விடுவார்கள். அதே பாம்பு மறுபடி கையில் சிக்கினால் செதில் சொல்லிவிடும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதைத் தடுக்கும் முறி மருந்துக்கு வேண்டிய நஞ்சைப் பல பத்தாண்டுகளாகத் தந்தவர்கள் இந்தச் சங்கத்தார். 2023-இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது, தலைமுறை தலைமுறையாகத் தடம் பார்த்து வந்த அறிவுக்கு நாடு தலை வணங்கியது என்று நெகிழ்ந்தேன்.

இந்த ஒப்பீட்டை நான் அளவுக்கு மீறி இழுக்கவில்லை. நஞ்சு கொடுத்த பாம்பு உயிரோடு போகிறது. விற்ற அட்டை திரும்புவதில்லை. பாம்பு நஞ்சுக்குத் தேவை இங்கேயே இருக்கிறது; அட்டைக்கு விலை வைப்பவர் கடல் கடந்து இருக்கிறார். நான் எடுத்துக்கொள்வது செதில் வெட்டை மட்டுமே. சட்டத்தின் அளவை பிடித்தவரின் கையில், உயிர் இருக்கும்போதே நடக்கிறது. சங்கு வளையமும் இதே குணம் கொண்டது.

அட்டைக்கு அப்படி ஓர் அளவை சாத்தியமா? மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் நடப்பதைப் பார்த்தால் சாத்தியம்தான். அங்கே கரையோரக் குடும்பங்கள் சிறு வேலிகளை வைத்திருக்கின்றன. பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைப் பெற்று விட்டு, ஏறத்தாழ ஓராண்டு காவல் காத்து வளர்க்கிறார்கள். வெள்ளை அட்டை இரவில்தான் மணலை விட்டு மேலே வரும். ஆகவே நீர் வடிந்த இரவுகளில் விளக்கோடு இறங்கிப் பொறுக்கி, கரையிலேயே தராசில் வைக்கிறார்கள். நீளம் ஏமாற்றும் என்பதால் எடைதான் அளவு. குறித்த எடைக்குக் குறைந்தது மறுபடி வேலிக்குள் போகும். அங்கும் திருட்டு உண்டு, புயல் உண்டு, வாங்கும் நிறுவனத்தின் விலைக்குக் கட்டுப்பட்டிருக்கும் சிக்கலும் உண்டு. ஆனால் கடல் யாருடையது என்ற கேள்விக்கு அவர்கள் முதலில் விடை கண்டார்கள். கிராஞ்சியில் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே வேலி வந்துவிட்டது.

2001-இன் தடையை நாளையே நீக்க வேண்டும் என்று கேட்பவர்களோடு நான் உடன்படவில்லை. நெருக்கம் குறைந்த இடத்தில் பிடிப்பைத் திறந்தால், மீதியிருப்பதையும் ஒரே பருவத்தில் தொலைத்துவிடுவோம், வணிகர் காத்திருக்கிறார்கள். தடை அப்படியே என்றைக்கும் நீடிக்கட்டும் என்பவர்களோடும் உடன்பட முடியவில்லை. திறப்பதா மூடுவதா என்று வாதிடும் முன் செய்ய வேண்டியது எண்ணுவது. 50,000 காட்டு இனங்கள் மனிதப் பயன்பாட்டில் உள்ளன, உலகில் ஐந்தில் ஒருவர் உணவுக்கோ வருமானத்துக்கோ அவற்றைச் சார்ந்திருக்கிறார் என்று பல்லுயிர் குறித்த பன்னாட்டு அறிவியல் மன்றம் 2022-இல் மதிப்பிட்டது. பயன்படுத்துகிறவர்களின் அறிவையும் உரிமையையும் சேர்த்துக்கொள்ளாத விதிகள் நிலைப்பதில்லை என்பதும் அந்த அறிக்கையின் முடிவு. பாக் விரிகுடாவில் அந்தச் சேர்ப்பு என்பது குறிப்பாக என்ன?

சங்கு குளிக்கிறவர்களும், பாசி எடுக்க இடுப்பில் பை கட்டிக்கொண்டு முங்கும் பெண்களும் நாள்தோறும் அந்தத் தரையைப் பார்க்கிறார்கள். எந்தத் தீவின் எந்தப் பக்கத்தில் வெள்ளை அட்டை இன்னும் கூட்டமாக இருக்கிறது, எங்கே ஒன்றிரண்டாகிவிட்டது, எந்த மாதத்தில் நிமிர்ந்து நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். எந்த ஆராய்ச்சிக் கப்பலும் அத்தனை நாள், அத்தனை இடத்தில் முங்க முடியாது. அவர்களிடம் பலகையும் கரிக்கோலும் கொடுத்து, எண்ணிச் சொன்னதற்குக் கூலியும் கொடுத்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு வரைபடம் கிடைக்கும். எந்த இடத்தைத் தொடவே கூடாது, எங்கே தூத்துக்குடி முறையில் குஞ்சு விட்டுப் பெருக்கலாம், எந்த ஊருக்கு எந்தத் திட்டு உரியது என்பதையெல்லாம் அந்த வரைபடத்தின் மேல்தான் பேச முடியும். மன்னாரிலும் அதே வேலை அதே முறையில் நடந்தால் இரண்டு தாள்களையும் ஒட்டிப் பார்க்கலாம். குடம்பிகள் எந்தக் கரையில் பொரித்து எந்தக் கரையில் இறங்குகின்றன என்பதும் புலப்படத் தொடங்கும்.

இன்றைக்கு அவர்களில் ஒருவர் வாய் திறந்து, நேற்று இந்த இடத்தில் முப்பது அட்டை பார்த்தேன் என்று சொன்னால், அடுத்த கேள்வி அவரை நோக்கித்தான் பாயும்: நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்? அந்த அச்சம் இருக்கும்வரை யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. எண்ணிச் சொல்பவர் குற்றவாளியாகமாட்டார், எழுதிக்கொடுத்த கணக்கு வழக்கில் சாட்சியாகாது என்று எழுத்தில் ஓர் உறுதி, மண்டபத்திலும் பாம்பனிலும் தமிழில் வாசித்துக் காட்டும்படி, வேண்டும். தடையைத் தொடாமலே ஓர் ஆணையால் அதைச் செய்துவிடலாம்.